பேயத்தியடியில் பால்குடி நேரம்

ஏட்டி, அதுக்குள்ளயா தூங்கிட்ட? இப்போது தூங்கக் கூடாது கண்ணு, இன்னும் செத்த நேரம் சப்பு. நீ வாயை எடுத்தால் நான் நைட்டி ஜிப்பை மேலே இழுக்க வேண்டும், இழுத்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் எதிரே நிற்கிற அந்த மஞ்சள் வண்டி கையை நீட்டி நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிற பேயத்தி மரத்தை வேரோடு கெல்லிப் போட்டுவிடும். இவ்வளவுதான் விஷயம். உன் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு மேல்மடைக்குப் போயிருக்கிறார், ஓவர்சியரைக் கூட்டிவர. கால்வாய் தூர்வாருகிற வேலையில் எந்த மரம் நிற்கலாம், எது போகலாம் என்று ஓவர்சியர் சொன்னால்தான் உண்டு. "நான் வார வரைக்கும் எப்படியாவது நிப்பாட்டி வை மாரி" என்று சொல்லிவிட்டு உதைத்துக் கிளம்பிவிட்டார். எப்படி என்று சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தது உனக்குத்தான். வண்டி உறுமின சத்தத்தில் பயந்து வீறிட்டாய் பார், அங்கேதான் வழி பிறந்தது. சட்டென்று மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், தோளில் துண்டைப் போட்டேன், உன்னை உள்ளே வாங்கிக்கொண்டேன். டிரைவர் தம்பி வண்டியை அணைத்துவிட்டு வயல் பக்கம் திரும்பிக்கொண்டான். மேஸ்திரி சங்கரபாண்டி அண்ணாச்சி தன் செருப்பைப் பார்த்தார். பால் குடிக்கிற பிள்ளையை இழுத்து எழுப்புகிற ஆம்பிளை இந்தக் கால்வாய்க் கரையில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை எவ்வளவு நேரம்தான் பால் குடிக்கும்? அது உன் கையில் இருக்கிறது, உன் வாயில் இருக்கிறது, ராசாத்தி.

வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை, வைகாசி வெயில், மண் வாசனையே இல்லாத சூடு. கால்வாய் வறண்டு கிடக்கிறது, நம் மரத்துக்கு நேர் கீழே மட்டும் ஒரு குட்டம், பச்சையாகத் தண்ணீர், அதில் கெண்டைக் குஞ்சு. மேலே இருந்து ஒரு பழம் 'தொபுக்'கென்று விழுந்தால் நாலா பக்கமும் இருந்து வாயைத் திறந்துகொண்டு வருகின்றன, விழாத நேரத்தில் அதே இடத்தில் நின்று காத்திருக்கின்றன. உன்னைப் போலத்தான். இந்த மரத்துக்குப் பழத்தை எங்கே வைப்பது என்ற விவஸ்தையே கிடையாது. மற்ற மரம் எல்லாம் கொப்பு நுனியில் காய்க்கும், இது தூரிலேயே சரஞ்சரமாக விழுது மாதிரித் தொங்கவிட்டு, ஒரு இலை கூட இல்லாத குச்சியில் கொத்துக் கொத்தாக, ரோமம் முளைத்த கோலிக்காய் மாதிரிக் காய்க்கும். சில சரம் மண்ணைத் தொட்டுப் புழுதியில் புரளும். அதனால்தான் வெள்ளாட்டுக்கு இது மாமியார் வீட்டு விருந்து, எட்டிப் பார்க்க வேண்டாம், எக்கிக் குதிக்க வேண்டாம். போன வருஷம் சித்திரையில் மலையடியில் ஒரு பச்சை இல்லாமல் போனபோது நம் ஆடுகள் பிழைத்தது இந்த இலையில்தான். மேஸ்திரி அண்ணாச்சிக்கு அது எங்கே தெரியப் போகிறது, அவர் ஆடு வளர்க்கவில்லை, ஆட்டைத் தின்பதோடு சரி. இலையைத் தொட்டுப் பார், வேண்டாம், நீ தொடாதே, உப்புத்தாள் மாதிரி இருக்கும். என் முழங்கையில் பட்டு இப்போதே சிவந்துவிட்டது. கரி பிடித்த சட்டிக்கு இதைவிட நல்ல நார் கிடையாது, பொங்கலுக்கு முன்னால் காளைக் கொம்பைத் தேய்த்து வழுவழுப்பாக்குவதும் இந்த இலையில்தான். அப்புறம் இந்த வேர். அது எனக்கு ஆட்டையும் சட்டியையும் விடப் பெரிது. வேர் கரையைக் கட்டிப் பிடித்திருக்கிறது, கரைக்கு அந்தப் பக்கம் நம் கத்தரித் தோட்டம், தோட்டத்துக்கு அடுத்தாற்போல் நம் வீடு. இந்த ஒரு இடத்தில் கரை பிளந்தால் ஐப்பசியில் தண்ணீர் நேராக நம் அடுப்புக்கு வரும். அதை யோசிக்காதே மாரி, யோசித்தால் பால் கட்டிக்கொள்ளும் என்று நர்ஸ் அக்கா சொல்லியிருக்கிறார்.

"ஏம்மா, பிள்ளைக்கு இன்னும் வயிறு நிறையலையா?" என்று மேஸ்திரி வண்டிக்குப் பின்னாலிருந்து, வயலைப் பார்த்துக்கொண்டே, வயலிடம் கேட்பதுபோல் கேட்கிறார். "நிறையலை அண்ணாச்சி." "காலையில ஒண்ணும் குடுக்கலையா?" "காலையில குடிச்சது காலைக்கு அண்ணாச்சி, இது இப்போதைக்கு." "பேயத்திக்கா தாயி இம்புட்டுப் பாடு? நல்ல அத்தின்னாலும் ஒரு அர்த்தம் இருக்கு. இது பேய் கூடத் திங்காத காய்." "பேய் திங்காது அண்ணாச்சி, ஆடு திங்கும்." டிரைவர் தம்பி சிரித்துவிட்டான். மேஸ்திரி அவனை முறைத்திருப்பார், எனக்குத் தெரியவில்லை, நான் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேய் தின்னாது என்பது சரிதான். நான் தின்றிருக்கிறேன். அஞ்சாம் வகுப்பில், எங்கள் ஊர் ஓடையில், மஞ்சளாகப் பழுத்திருக்கிறதே என்று பந்தயம் வைத்துத் தின்றேன், பந்தயத்தில் ஜெயித்தேன், ஜெயித்த கையோடு அந்த ஓடையையே வாந்தியால் நிரப்பினேன். அப்போது எங்கள் ரோஸ்மேரி டீச்சர் திட்டவில்லை. மறுநாள் ஒரு காயைப் பறித்து வந்து பிளேடால் இரண்டாகப் பிளந்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். உள்ளே பூ. காய் முழுக்கப் பூ, வெளியே ஒரு பூ கிடையாது, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளே கல்யாணம் நடத்துகிற மாதிரி. அடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு வாசல். அந்த வாசல் வழியாக எள்ளைவிடச் சின்னதாக ஒரு குளவி நுழையுமாம், நுழைகிறபோது இறக்கை ஒடிந்து வாசலிலேயே கிடக்குமாம், அப்புறம் அதற்குத் திரும்பிப் போகிற பேச்சே இல்லை. 'அப்போ அது பாவம்லா டீச்சர்' என்று நான் கேட்டேன். பாவம்தான், ஆனால் அது முட்டையிட வந்த இடம், என்றார். பேயத்தியில் ஆண்மரம் தனி, பெண்மரம் தனியாம். ஆண்மரத்துக் காயில் குளவி முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும், அந்தக் குஞ்சு மகரந்தத்தைப் பூசிக்கொண்டு வெளியே வரும். பெண்மரத்துக் காய்க்குள் தெரியாமல் நுழைந்த குளவி முட்டையிட இடம் கிடைக்காமல் அலைந்து செத்துப் போகும், ஆனால் அது அலைந்த அலைச்சலில்தான் விதை பிடிக்குமாம். ஒரு குளவியின் தப்பில் ஒரு மரம். அதை யோசித்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது, அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

இங்கேயும் இரண்டு நின்றது. மேலே, மடைக்குப் பக்கத்தில் ஒன்று, அதன் காய் பழுக்கவே பழுக்காது, சுருங்கித் தக்கையாக விழும், பிட்டால் பூச்சியாகப் பறக்கும், அது ஆண். இது பெண், சாறு ஊறிப் பழுப்பது. நேற்று மத்தியானம் மேலே நின்றதை எடுத்துவிட்டார்கள். நான் உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டது, ஏதோ லாரி கவிழ்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் குழிதான் இருந்தது, குழியின் சுவரில் அறுந்த வேரிலிருந்து வெள்ளையாகப் பால் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இங்கே கூசியது, நெஞ்சில், இரண்டு பக்கமும், ரவிக்கை நனைந்துவிட்டது. அதனால்தான் ராத்திரி உன் அப்பாவிடம், 'கீழ மரத்தைத் தொட்டாம்னா நான் படுத்துருவேன்' என்றேன். 'எங்க படுப்ப' என்றார். 'மரத்துக்கு முன்னாடி.' 'உன்ன வேரோட எடுக்கணும்னா ரெண்டு ஜேசிபி வேணும்ட்டி' என்று சிரித்தார். சிரித்தாலும் விடிந்ததும் பைக்கைத் துடைத்தார், அதைச் சொல்ல வேண்டும். ஆண்மரம் இல்லாமல் இது இனிமேல் என்ன செய்யும்? காய்க்கும், காய் உள்ளே வெறும் பூவாகக் காத்திருக்கும், வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு. யாரும் வராவிட்டால் உதிர்ந்துவிடும். ஆனால் குளவி காற்றிலேயே வெகுதூரம் வருமாம், டீச்சர் சொன்னது அதுவும் ஞாபகம் இருக்கிறது. மலையடி ஓடை முழுக்கப் பேயத்திதான், ஒரு ஆண்மரமா இல்லாமல் போய்விடும். வரும். நான் கூட சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவள்தானே, கரிசல்காட்டுப் பிள்ளைக்குக் கால்வாய்க் கரை விளங்குமா என்று கேட்டார்கள், விளங்கவில்லையா? வரும் வரும். மரம் நின்றால்தானே வரும். ஏன் இன்னும் பைக் சத்தம் கேட்கவில்லை? மேல்மடை ஒன்றும் மதுரை இல்லை. ஓவர்சியர் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால்? ஒரு பேயத்திக்காக யார் வருவார்கள்? புறம்போக்கில் நிற்கிற மரம், நம் மரம் என்று சொல்ல நமக்கு வாயில்லை, உனக்கு வாய் இருக்கிறது, நீ சப்பு.

"அக்கா, இந்தாண்ட நெழல்ல குந்திக்கலாமா? அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்." டிரைவர் தம்பிதான். பேச்சைக் கேட்டாலே தெரிகிறது, திருவண்ணாமலைப் பக்கம். "உக்காருங்க தம்பி, நிழல் என்ன எங்க வீட்டுச் சொத்தா" என்றேன். மரத்துக்கு அந்தப் பக்கம் முதுகைச் சாய்த்து உட்காருகிற சத்தம் கேட்டது. என் முதுகு இந்தப் பக்கம், அவன் முதுகு அந்தப் பக்கம், நடுவில் மரம். வெட்ட வந்த மரத்திலேயே சாய்ந்து இளைப்பாறுகிறான், இதைப் பார்த்து மரம் என்ன நினைக்கும்? ஒன்றும் நினைக்காது, அதற்கு நிழல் கொடுப்பதைத் தவிர வேறு புத்தி கிடையாது. ஒரு பழத்தை எடுத்துப் பிட்டிருக்கிறான், "ஐய, இன்னாக்கா இது, உள்ள ஒரே புழு மாதிரி" என்றான். "புழு இல்ல தம்பி, விதை. தின்னுப் பாத்துராதீக, நான் சொல்லிட்டேன்." "இது எதுக்குதான்க்கா ஆவும்?" எதற்கு ஆகும். ஆடு, சட்டி, கொம்பு, கரை, கெண்டைக் குஞ்சு, ராத்திரி வருகிற வௌவால், எதைச் சொல்ல. என்னவோ வாயில் வந்ததைச் சொன்னேன், "மாடு கன்னு போட்டா நஞ்சுக்கொடியை வைக்கோல்ல சுத்தி இதுலதான் கட்டுவோம். பால் மரத்துல கட்டுனாத்தான் மாட்டுக்குப் பால் ஊறும்." "எங்கூர்ல ஆலமரத்துல கட்டுவாங்க" என்றான். "இங்க ஆலமரம் ஊருக்கு அந்தக் கோடியில. நாத்தத்தைத் தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் யாரு போவா?" அவன் மறுபடி சிரித்தான். சிரிக்கிறவன் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம், ஆனால் அப்படி நினைத்துத்தான் இதுவரைக்கும் காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

மாட்டுக்குப் பால் ஊறும், சரி. எனக்கு ஊறினது அவ்வளவு சுலபமாகவா? நீ பிறந்த புதிதில் என் மார்பில் கல்தான் கட்டியிருந்தது. நீ கத்துவாய், நான் கத்துவேன், ஆஸ்பத்திரி வார்டில் எல்லாரும் ஒவ்வொரு வைத்தியம் சொல்வார்கள், பூண்டு, சுறாப்புட்டு, பேபி பால் டப்பா. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் புண்ணியவதி, கேட்காமலேயே உன்னை வாங்கித் தன் மார்பில் போட்டுக்கொண்டாள், அவள் பெயர் கூடக் கேட்கவில்லை நான், அழுதுகொண்டிருந்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம், ஒன்றுமே செய்யாமல், ஜன்னல் பக்கம் யாரோ சிரித்ததைக் கேட்டு நானும் சிரித்தேன், சிரித்தபோது வந்தது. நிற்கவே இல்லை. அதிலிருந்து எனக்கு ஒரு எண்ணம், பயந்தால் வற்றும், சிரித்தால் ஊறும். விஞ்ஞானமா என்று தெரியாது. அதனால்தான் இவ்வளவு நேரமும் மேஸ்திரியோடு விளையாட்டுப் பேச்சு. உள்ளுக்குள் எனக்குப் பயம்தான், அது உனக்குத் தெரியுமா, பாலில் தெரியுமா? அந்த வண்டியின் கையில் இருக்கிற பற்களைப் பார்த்தேன், ஒவ்வொன்றும் உன் தொடைத் தண்டி, பல்லிடுக்கில் நேற்றைய வேர் நார் இன்னும் சிக்கியிருக்கிறது. ஐயோ, தன்ஷி, வாயை எடுத்துவிட்டாயே. எடுக்காதே. இந்தா. உள்ளங்காலைச் சுரண்டினேன், விரலை மடக்கிக்கொண்டு தூங்குகிறாய். கன்னத்தைத் தட்டினேன், உதட்டோரம் பால் வழிகிறது, சிரிக்க வேறு சிரிக்கிறாய். நரி விரட்டுகிறதா உன் கனவில்? இங்கே உன் அம்மாவை ஜேசிபி விரட்டுகிறது.

"சத்தமே காணுமே?" என்றார் மேஸ்திரி. துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். இப்போது உண்மையைச் சொன்னால் எழுந்திருக்க வேண்டும். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் வாய் வேறொன்று செய்தது: உதட்டைக் குவித்து நானே 'ச்சப், ச்சப்' என்று சப்பினேன். என் கல்யாணத்துக்குக் கூட நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. சப்பிக்கொண்டே காதைத் தீட்டிக் கேட்கிறேன், பைக் வருகிறதா, இல்லை, அது கதிர் அடிக்கிற மெஷின், ச்சப், இது வருகிறதா, இல்லை, ச்சப், அந்த நேரம் பார்த்து நீ சின்னதாக ஒரு குறட்டை விட்டாய் பார், வண்டு கிர்ரென்று போகிற மாதிரி. மரத்துக்கு அந்தப் பக்கம் முதுகு அசைவது எனக்குத் தெரிந்தது. கேட்டுவிட்டான். போச்சு, இவ்வளவுதான், எழுந்திருக்க வேண்டியதுதான் என்று கையை ஊன்றினேன். "புள்ள நல்லா குடிக்குது மேஸ்திரி" என்று அவன் உரக்கச் சொன்னான், "இப்பதான் ருசி கண்டுகினு குடிக்குது, கொஞ்ச நேரம் ஆவும்." மேஸ்திரி, "டீசல் உங்கப்பனா ஊத்துறான்?" என்றார். "வண்டி நின்னுகினுதானே கீது, நின்ன வண்டிக்கு இன்னா டீசல்?" நான் சப்புவதை நிறுத்திவிட்டேன். முன்பின் தெரியாத முதுகு, அது எனக்காக ஒரு பொய்யைச் சொல்கிறது. மரத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினேன், மேலே ஏதோ குருவி குக்குறு குக்குறு என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது, பழம் ஒன்று குட்டத்தில் விழுந்தது, கெண்டைகள் கூடின, பைக் வந்தது.

பைக்குக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டி, ஸ்கூட்டியில் ஓவர்சியர். நான் மீசை வைத்த ஆளை எதிர்பார்த்தேன், சுடிதார் போட்ட பெண், ஹெல்மெட்டைக் கழற்றினால் என் வயசுதான் இருக்கும், வகிட்டில் குங்குமம் புதிசு, மேடிட்ட வயிறு. உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் உன்னைக் காட்டினேன், அவர் முகத்தில் வந்த சிரிப்பை இங்கே சொன்னால் வெட்கக்கேடு. ஓவர்சியர் கால்வாய்க்குள் இறங்கிக் கரையைப் பார்த்தார், செருப்புக் காலால் வேரை உதைத்தார், மண் ஒரு பொடி கூட உதிரவில்லை, பக்கத்தில் வெறும் கரையை உதைத்தார், கட்டி கட்டியாகச் சரிந்தது. "மேஸ்திரி, இதை எடுத்தா இந்த இடம் வாயைப் பொளந்திரும். மரம் நிக்கட்டும்" என்றார். அப்புறம் அண்ணாந்து பார்த்து, "தண்ணி மேல சாய்ஞ்சு போற அந்த ஒரு கொப்பு மட்டும் வேண்டாம். குப்பை தங்கும். மெஷின்ல இழுத்தா பட்டை தூர் வரைக்கும் உரிஞ்சிரும், கையால வெட்டிருங்க" என்றார். ஜிப்பை இழுத்துவிட்டு எழுந்தேன், கால் மரத்துப்போய் மரத்தையே பிடித்துக்கொண்டு நின்றேன். குட்டத்துக்கு நேர் மேலே போகிற கொப்பு, கெண்டைகளுக்குச் சோறு போடுகிற கொப்பு. சரி. ஒன்றுதானே. மற்றதெல்லாம் நிற்கிறதே.

உன் அப்பா பைக்கிலிருந்து அரிவாளை எடுத்தார், எடுத்து என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், அப்படியே கீழே போட்டுவிட்டார். வீட்டில் பால்குடிப் பிள்ளை இருக்கிறவன் பால் மரத்தில் இரும்பு வைக்கக் கூடாது, வைத்தால் வீட்டுப் பால் வற்றும் என்று இங்கே ஒரு பேச்சு. நான் நம்புகிறேனா? நம்பவில்லை. ஆனாலும் அவர் வெட்டியிருந்தால் கையைப் பிடித்திருப்பேன். "தம்பி, நீங்க?" என்று உன் அப்பா கேட்டார். டிரைவர் தம்பி இரண்டு எட்டு பின்னால் போனான், "ஐயையோ, என்னால ஆவாதுண்ணே, எங்க வூட்ல மாசியிலதான் பொண்ணு பொறந்துது, நான் இன்னும் நேர்ல கூடப் பாக்கல." ஓவர்சியர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். எல்லார் கண்ணும் ஒரே ஆள் மேல் போய் நின்றது. மேஸ்திரி சங்கரபாண்டி அண்ணாச்சி நிமிர்ந்தார். "ஏன், என்னைய ஏன் பாக்கிய?" என்றார். "உங்க பிள்ளையள்லாம் பெரிசாயிட்டாகள்லா அண்ணாச்சி" என்றார் உன் அப்பா. "ஆமா, மீசை வச்சாச்சு ரெண்டுக்கும். அதுக்கு?" என்றவர், அரிவாளைப் பார்த்தார், கொப்பைப் பார்த்தார். "காலையிலேர்ந்து வெட்டவிடாம உக்காந்திருந்தவ இவ, இப்போ நானே வெட்டணுமாக்கும்" என்று முனகினார். ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் கொப்புக்குக் கீழே போய் நின்றபோது எனக்கு நேற்றைய கூச்சம் மறுபடியும் வந்தது, உன்னைத் தோளில் போட்டு உன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். இந்த மனுஷனிடம் இன்று முழுக்க ஏட்டிக்குப் போட்டிதான் பேசியிருக்கிறேன். இப்போது எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டேன்.

"அண்ணாச்சி, இழுத்து இழுத்து அறுக்காம, ஒரே வெட்டா வெட்டிருங்க. வெட்டுன வாயில ஒரு கை சாணி அப்பிருங்க அண்ணாச்சி, பால் சீக்கிரம் நிக்கட்டும்."